போதும் என்று யார் சொல்வது?

என் அத்தைக்கு முடக்குவாதம். டாக்டர் பாஷையில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் காபி டம்ளரைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். 'கிருமியை அடிக்க வேண்டிய செல்லு, உங்க மூட்டையே அடிக்குதும்மா' என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைக் கேட்டார்: 'என் உடம்புக்கு என் மேலயே என்னடா கோபம்?'

நான் படித்தது பி.காம். பற்று வரவு தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்று புரிந்தது. கோபம் ஏன் வந்தது என்பது பாதிதான். கோபப்படுவதே தொழிலாக உள்ள ஒரு படை, தினமும் எப்படி அடங்கியிருக்கிறது? ஆச்சரியம் அங்கேதான்.

படை என்றது டி செல்களை. வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமி நுழைந்தால் ஒன்று பத்தாகும், பத்து ஆயிரமாகும். கிருமி ஒழிந்த பிறகு? இத்தனை பேரும் ஆயுதத்தோடு ஊருக்குள் திரிந்தால் உடம்பு தாங்காது. நினைவுக்காகச் சில மிஞ்சும். மற்றவை சாக வேண்டும். பென்ஷனெல்லாம் கிடையாது.

'போதும்' என்ற அந்தச் செய்தியைச் சொல்கிறவர்களில் ஒருவர் கேலக்டின்-1 என்கிற புரதம். நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரை மூலக்கூறுகள் கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. (காபியில் போடுகிற சர்க்கரை இல்லை, அதன் உறவுக்காரர்கள். சுகர் உள்ளவர்கள் பதற வேண்டாம்.) அந்தக் கிளையைப் போய்ப் பிடித்துக்கொள்வதுதான் கேலக்டினின் வேலை. முறுக்கிக்கொண்டு நிற்கும் டி செல்லை அது பிடித்தால், செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. இது 1995-இல் தெரியவந்தது. 1999-இல் அர்ஜென்டினாவின் கேப்ரியல் ராபினோவிச்சும் கூட்டாளிகளும், மூட்டுவாதம் வரவழைத்த எலிகளுக்கு இந்தப் புரதத்தைக் கிடைக்கச் செய்து, நோய் தணிவதைக் காட்டினார்கள். எல்லா டி செல்லும் இதற்குப் படியாது என்பதும் 2007-இல் தெரிந்தது. அழற்சியைக் கிளப்பும் ரகங்கள் பிடி கொடுக்கின்றன. இன்னொரு ரகம் தன் சர்க்கரை நுனியில் சயாலிக் அமிலம் என்று ஒரு மூடியைப் போட்டுக்கொண்டு நழுவிவிடுகிறது.

இனிமேல்தான் விஷயம். 1953-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் ஒரு கேள்வி கேட்டார். வயிற்றில் உள்ள குழந்தையில் பாதி அப்பாவின் சரக்கு. தாயின் உடம்புக்கு அது அந்நியம். அடுத்தவர் சிறுநீரகத்தை வைத்தால் எகிறுகிற அதே உடம்பு, குழந்தையை மட்டும் எப்படிப் பத்து மாதம் விட்டுவைக்கிறது? விடை ஒன்றல்ல, பல. அதில் ஒரு பங்கு கேலக்டின்-1-க்கு. அதைச் சுரக்க முடியாத பெண் எலிகளை, மரபில் தன்னைப் போலவே உள்ள ஆணோடு சேர்த்தபோது கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு வம்சத்து ஆணோடு சேர்த்தால்தான் கரு அதிகமாகக் கலைந்தது. அழுத்தத்துக்கு ஆளாகிக் கருவை இழந்துகொண்டிருந்த எலிகளுக்கு இந்தப் புரதத்தைக் கொடுத்தார்கள், கரு தங்கியது. 2007-இல் வந்த ஆய்வு. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்நியனை உள்ளே வைத்துக் காப்பாற்றும் அந்தப் பெரிய மனசு, ஒரு சின்னப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே!

கதை இத்தோடு முடிந்திருந்தால் சகிப்புத்தன்மையைப் பாராட்டி நானும் நாலு வரி எழுதியிருப்பேன். முடியவில்லை. மெலனோமா என்கிற தோல் புற்றுநோயும் இதே கேலக்டின்-1-ஐச் சுரக்கிறது. அடிக்க வரும் டி செல்லிடம் அதே 'போதும்' சொல்கிறது. செல்லும் கேட்டுக்கொள்கிறது. 2004-இல் எலிகளின் கட்டியில் அந்தப் புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். டி செல்கள் விழித்துக்கொண்டன, கட்டி சுருங்கியது.

பொறுமை நல்லதா என்று கேட்டால், உடம்பு ஒரு பதிலைச் சொல்ல மறுக்கிறது. சொன்னது யார் என்று டி செல்லுக்குத் தெரியாது. குழந்தை பக்கமிருந்து வந்ததா, புற்றிடமிருந்து வந்ததா? பிடி ஒன்றுதான். எனக்கு இது புதிதில்லை. 'விடுங்க சார், பெரிசு பண்ணாதீங்க' என்ற வாக்கியத்தை இருபது வருஷ நிருபர் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தெருச் சண்டையில் கத்தியைப் பிடுங்கி எறிந்த பெரியவர் சொன்னதும் அதுதான். சுவர் இடிந்து ஆள் செத்த இடத்தில் காண்ட்ராக்டர் சொன்னதும் அதுதான். முதல் தடவை அடங்கியது சரி. இரண்டாவது தடவையும் அடங்கிப் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்போது நிதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

'அப்ப யாரையும் நம்பாம அடிச்சுக்கிட்டே இருக்கட்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். அப்படி இருந்ததால்தானே அத்தையின் விரல்கள் கோணிப்போயின. 2025-இன் மருத்துவ நோபல்கூட, படையை அடக்கி வைக்கும் டி செல்களைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் போனது. அடங்குவது அவ்வளவு பெரிய வேலை.

அத்தைக்கும் மாத்திரை கொடுத்து அடக்கினார்கள். வீக்கம் வடிந்தது, டம்ளர் கைக்கு வந்தது. ஒன்றரை வருஷத்தில் டி.பி. வந்தது. படை தூங்கிய நேரத்தில், எப்போதோ உள்ளே வந்து ஒடுங்கிக் கிடந்த கிருமி எழுந்துகொண்டது. ஆறு மாதம் அதற்கு மருந்து. பிறகு மூட்டு மாத்திரையை டாக்டர் அளவு குறைத்து மறுபடி ஆரம்பித்தார்.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் அத்தை விரல்களை மடக்கிப் பார்ப்பார். மடங்கினால், 'இன்னைக்கு அடங்கியிருக்கு' என்று சிரிப்பார். அன்றைக்குச் சாயங்காலமே லேசாக ஒரு இருமல் வந்தால் போதும், முகம் மாறிவிடும்.