வணிகருக்கு வேண்டிய அஞ்சாமை

உயிர்களுக்கு இயல்பாக அமைந்த உணர்வுகளுள் அச்சமும் ஒன்று. உழவர் மழை பொய்த்துவிடுமோ என்று அஞ்சுவர். கடற்றொழிலாளர் காற்றுக்கு அஞ்சுவர். தொழில் நடத்தும் முதலாளியின் அச்சமோ வெளியிலே தெரிவதில்லை. நட்டம் வருமோ என்ற பயத்திலும், நட்டம் வந்ததை ஊர் அறிந்துவிடுமோ என்ற பயமே அவரைப் பெரிதும் வாட்டுகின்றது. தம்மை நம்பி வேலை செய்வோர், சாமான் தந்தோர், கடன் கொடுத்தோர் ஆகியோரின் முகம் பார்த்து உண்மையைச் சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்?

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் வணிகர் பலர் வருகின்றனர். அச்சம் வந்த வேளையில் இரு வேறு வழிகளிற் சென்ற இருவரை இங்கு நோக்குவோம்.

ஒருவன் பரமதத்தன். நாகபட்டினத்து வணிகனின் மகனாகிய இவன், புனிதவதியாரை மணந்து காரைக்காலில் வாணிகம் செய்தவன். இறையருளால் மனைவி பெற்றுத் தந்த மாம்பழம் தன் கையிற் பட்டதும் மறையக் கண்டு, அவரைத் தெய்வமெனக் கருதிப் பயந்தான். அந்தப் பயத்தை எவரிடமும் சொல்லவில்லை. கடல் வாணிகத்துக்குப் போவதாகக் கூறி மரக்கலம் ஏறினான். பெரும் பொருள் ஈட்டிப் பாண்டிநாட்டிலே வேறு மணம் செய்து வாழ்ந்தான். சுற்றத்தார் அம்மையாரை அங்கே அழைத்து வந்தபோதுதான் அவர் திருவடியில் வீழ்ந்து உண்மையைச் சொன்னான். அதுவரை அம்மையார் கணவன் வரவை எதிர்பார்த்திருந்தார். கடலுக்கு அஞ்சாதவன் வீட்டிலே ஒரு வார்த்தை பேச அஞ்சினான். செல்வம் சேர்ந்தமையால் அச்சம் தீர்ந்துவிட்டதெனக் கொள்ளலாகாது என்பதற்கு இவனே சான்று.

மற்றவர் பழையாறையில் தோன்றிய அமர்நீதி நாயனார். பொன், மணி, பட்டு, துகில் முதலியவற்றை விற்றவர். திருநல்லூரிலே மடம் அமைத்து அடியார்களுக்கு அமுதும் கோவணமும் அளித்து வந்தார். பிரமசாரியாக வந்த இறைவன் ஒரு கோவணத்தை அவரிடம் ஒப்படைத்து நீராடச் சென்றார். அது காணாமற் போயிற்று. நாயனார் மனம் நடுங்கினார். ஆயினும் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. பழியை ஏவலாளர் மேற் போடவும் இல்லை. நடந்ததைச் சொல்லி வேறு கோவணம் தர முன்வந்தார். வந்தவர் சினந்து, தண்டிலே கட்டியிருந்த மற்றைக் கோவணத்துக்கு ஒத்த நிறை கேட்டார். தராசிலே துணிகளை வைத்தார், பொன்னை வைத்தார், உள்ள பொருள் யாவும் வைத்தார். தட்டு நேராகவில்லை. இறுதியில், தாம் செய்த திருத்தொண்டில் தவறாதவர் என்ற ஒன்றையே துணையாகக் கொண்டு, மனைவியாருடனும் மகனுடனும் தாமே ஏறினார். தராசு நேராயிற்று.

நேராகும் என்ற நிச்சயம் கிடைத்த பின்பு அவர் ஏறவில்லை என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது. பயம் நீங்கட்டும், பிறகு பேசுவோம் என்று காத்திருப்பவருக்குப் பயம் நீங்குவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யும்போதே துணிவு பிறக்கின்றது. அதற்கு அடித்தளம் நேர்மையான நடத்தை. பொய்க் கணக்கு எழுதியவரால் தராசுத் தட்டிலே ஏற முடியாது.

2022ஆம் ஆண்டு எமது நாடு பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்கமாட்டார். ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களில் 360 ரூபாவைக் கடந்தது. ஏப்ரல் 12ஆந் திகதி அரசே வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. விற்ற காசைக் கொண்டு அதே அளவு சாமானை மீண்டும் வாங்க முடியாமற் சிறு கடைக்காரர் தவித்தனர். இத்தகைய காலத்தில் முதலாளியின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. பின்திகதியிட்ட காசோலையைக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது ஒன்று. உள்ள இருப்பையும் கடனையும் எண்ணி எழுதி, தவணைக்கு முன்னரே போய், இவ்வளவுதான் இப்போது முடியும் என்று சொல்வது மற்றொன்று. வேலையாட்களின் சம்பளத்தைக் குறைக்க வேண்டி வந்தால், முதலிலே தம் வீட்டுச் செலவைக் குறைப்பதே தாமும் தட்டில் ஏறுவதாகும். மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைப்பது துணிவன்று.

ஆலய உபயமும் அவ்வாறே. வருடந்தோறும் சிறப்பாகத் திருவிழாச் செய்தவர், வியாபாரம் நலிந்த ஆண்டிலும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வட்டிக்குக் கடன் வாங்கி மேளமும் மின்விளக்கும் ஏற்படுத்துவதுண்டு. அதனைப் பக்தி என்று எப்படிச் சொல்வது? இம்முறை ஓர் அபிஷேகமும் பொங்கலும் மட்டும் என்று கூறுபவரை ஆலயமும் ஊரும் மதிப்புடன் ஏற்றுக்கொள்ள வேண்டும். உண்மை சொல்பவரை எள்ளி நகையாடும் ஊர், வணிகரைப் பொய் சொல்லப் பழக்குகின்றது.

அச்சம் முழுவதும் தீயதன்று. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுதல் அறிவு என்பதே திருவள்ளுவர் கருத்து. அளவு மீறிய கடனுக்கும் பிறர் பொருளை இழப்பதற்கும் வணிகர் அஞ்சட்டும். உண்மை சொல்வதற்கு மட்டும் அஞ்சாதிருக்கட்டும். தராசு பிடிக்கும் கைகளுக்கு அந்தத் துணிவையும், அவரைத் தாங்கி நிற்கும் பண்பை ஊர் மக்களுக்கும் எம்பெருமான் அருள்வாராக.