பெரியது ஆணென்று யார் சொன்னது?

ஹவாயின் ஓவாஹு தீவில், மேற்குக் கோடியில் இருக்கிறது காயெனா முனை. லேசன் ஆல்பட்ராஸ் பறவைகள் அங்கே தரையிலேயே கூடு கட்டுகின்றன. வெள்ளை மார்பு, கண்ணருகே மை தீட்டியது போன்ற கருமை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தோற்றம்தான்.

இப்படிப்பட்ட கடற்பறவைகளைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் நாடுவது வெர்னியர் காலிப்பரை. ஒருவர் பறவையைக் கக்கத்தில் இடுக்கி, கொத்திவிடாதபடி அலகைப் பற்றிக்கொள்வார்; இன்னொருவர் பின்மண்டையிலிருந்து அலகு நுனிவரை அளப்பார். அலகின் தடிமன், கால், இறக்கை என மில்லிமீட்டர்களையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டால் ஓர் எண் வரும். கடற்காகங்களில் எண் கோட்டைத் தாண்டினால் ஆண், தாண்டாவிட்டால் பெண். ஃபிரிகேட் பறவைகளிலோ பெண்தான் பெரிது. ஒரு தீவில் உருவான சூத்திரம் அடுத்த தீவில் சறுக்குவதும் உண்டு.

இந்தியத் தர்க்கத்தின் நியாய மரபினர் இந்த அனுமானத்தை ஒப்பியிருக்க மாட்டார்கள். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்க வேண்டுமானால், நெருப்பில்லாத புகை எங்குமே இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. பறவைகளில் பெரிய பெண்ணும் உண்டு, சிறிய ஆணும் உண்டு. சூத்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. கக்கத்தில் திமிறும் இந்த ஒரு பறவை தொண்ணூறு சதவீதம் ஆணல்ல. ஆண் அல்லது பெண்.

சிக்கலைச் சமாளிக்க ஒரு சாமர்த்தியம் உண்டு: ஒரே கூட்டின் இணை இரண்டையும் அளந்து, பெரியதை ஆண் என்று குறித்துக்கொள்வது. பிழை குறையும்தான். ஆனால் இணை என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்பது எங்கிருந்து வந்தது? நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளும் வாதம் இது. காலிப்பர் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது; இரண்டில் ஒன்று எப்படியும் பெரியதாகத்தானே இருக்கும்!

1977இலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா தீவுக் கடற்காகங்களில் பெண்ணும் பெண்ணும் சேர்ந்த இணைகள் இருப்பது அந்த ஆண்டு வெளியானது. காயெனா முனையில் ஆய்வாளர் லின்ட்சே யங்கும் சகாக்களும் மரபணுச் சோதனையை நாடினார்கள். பறவைகளில் பெண்ணுக்குத்தான் இரு வேறு பால் குரோமோசோம்கள் என்பதால் அளவுகோலே வேண்டாம். 2008இல் முடிவு வந்தது: 125 இணைகளில் 39 இணைகள் பெண்ணும் பெண்ணும்.

அங்கே ஆண்கள் குறைவு. பெண்கள் தமக்குள் இணைசேர்ந்து, வேறு இணையைச் சேர்ந்த ஆண்களால் கருவுற்று, மாறி மாறி அடைகாத்து, சில ஆண்டுகளில் குஞ்சும் பொரிக்கிறார்கள். ஆண்-பெண் இணைகளை விட வெற்றி குறைவுதான். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

இதில் ஒரு வேடிக்கை. லேசன் ஆல்பட்ராஸ் பெண் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆனாலும் சில கூடுகளில் இரண்டு முட்டைகள் கிடப்பதைப் பறவையியலாளர்கள் மரபணுச் சோதனை வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே பார்த்துவந்தார்கள்.