யாருடைய சொற்கள்?

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரை எதைப் புரட்டினாலும் 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'ஆஸ் எ ரிசல்ட் ஆஃப்' போன்ற தொடர்கள் தட்டுப்படும. இப்படி ஒன்றாகவே கட்டுண்டு வருகிற சொற்களுக்கு, டக்ளஸ் பைபரும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட லாங்மன் இலக்கணத்தில் 'லெக்சிக்கல் பண்டில்' என்று பெயரிட்டார்கள். சொற்கட்டு எனலாம். தமிழிலும் இவற்றுக்குப் பஞ்சமில்லை. 'என்றால் மிகையாகாது' வராத பட்டிமன்றம் உண்டா?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பேராசிரியரின் எழுத்திலும் சொற்கட்டுகள் நிறையவே உண்டு. அவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. ஊர்க்கிணற்றுத் தண்ணீர்போல அவை பொது. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இத்தகைய தொடர்களைத் தொகுத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்திலேயே வைத்திருக்கிறது.

அதே கிணற்றில் ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர் அள்ளினால் கதை வேறு. குறைவாக அள்ளினால் 'இயல்பான ஆங்கிலம் இல்லை'. கூடுதலாக அள்ளினால் 'மனப்பாடம்'. இப்போது மூன்றாவதாக ஒரு சந்தேகமும் சேர்ந்திருக்கிறது: இயந்திரம் எழுதியதோ? 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 91 டோஃபல் கட்டுரைகளை, செயற்கை நுண்ணறிவின் எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். மனிதர்கள் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்தென்று தீர்ப்பாயின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளோ பெரும்பாலும் தப்பிவிட்டன. அடுத்த சொல் எதுவென்று எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தை இந்த மென்பொருள்கள் சந்தேகிக்கின்றன. கற்ற மொழியில் கவனமாக எழுதுபவரின் எழுத்து பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த உதவுவது என் தொழில். 'எங்கள் ஆங்கிலம் எங்களுக்கு, திருத்தாதே' என்கிற கட்சியில் நான் இல்லை. எதிர்க்கருத்தே இல்லாத இடத்தில் 'ஆன் தி அதர் ஹேண்ட்' போட்டால் வாசகர் வழி தவறுவார். அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அது வாதத்தில் உள்ள கோளாறு. எழுதியவரின் நேர்மைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை ஒருவர் எப்படித் திருட முடியும்?

தாதியர் படிப்பு மாணவி ஒருத்தி ஒரு கட்டுரையோடு வந்தாள். மூன்று பந்திகள் அதே சொற்கட்டில் தொடங்கின. 'இதை நீர்தான் எழுதினீரா?' என்று விரிவுரையாளர் ஓரத்தில் குறித்திருந்தார். நாலாவது பந்தியில், மொழி விளங்காத முதிய நோயாளி மரியாதைக்காகத் தலையாட்டுவதைச் சம்மதமென்று பதிவது சரியா என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. அதன் ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

சொற்கட்டுகளை மாற்றிக் கொடுத்தாள். கட்டுரை ஏற்கப்பட்டது. தலையாட்டும் முதியவரைப் பற்றி இன்றுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை.