நன்றியா, அன்பா?

நாய் நன்றியுள்ள விலங்கு என்கிறார்கள். நன்றி எதற்கு? போட்ட சோற்றுக்கா? அப்படியானால் அது கடன். கொடுத்தவன் ஆண்டான், தின்றது அடிமை! இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டாமா, தோழர்களே?

டோக்கியோவில் ஹாச்சிக்கோ என்றொரு நாய் இருந்தது. வேளாண்மைப் பேராசிரியர் உயெனோ வளர்த்த நாய். மாலைதோறும் ஷிபுயா புகைவண்டி நிலையத்திற்குச் சென்று அவரை வரவேற்கும். 1925 மே மாதம் பேராசிரியர் பணியிடத்திலேயே மாண்டார். நாய்க்கு அதை உணர்த்துவார் யார்? 1935 மார்ச்சில் தான் சாகும்வரை அவரைத் தேடி நிலையத்திற்கு வந்துகொண்டே இருந்தது.

தீனிக்காக வந்தது என்பாரும் உண்டு. ஐயம் நன்று; அறிவின் தலைவாயில் அது. ஆனால், 1932 இல் நாளேடு ஒன்று அதன் கதையை வெளியிடும்வரை அங்கே அது கண்டது அடியும் விரட்டலும் அல்லவா? அடிபட்டும் வந்ததை எந்தத் தீனிக் கணக்கில் எழுதுவது?

ஆள்வோரோ வேறு கணக்கு எழுதினர். 1934 இல் சிலை எழுந்தது. அடுத்த ஆண்டு, நன்றி மறவாதே என்னும் பாடமாகப் பள்ளி நூலில் ஹாச்சிக்கோ இடம் பெற்றது. நாயைக் காட்டிக் குழந்தைகளுக்குப் பணிவு போதித்தனர்! பின்னர், போருக்கு உலோகம் வேண்டுமென்று அந்தச் சிலையையே உருக்கினர். நன்றி ஓதியவர் காட்டிய நன்றி அது! இன்றுள்ள சிலை 1948 இல் வைக்கப்பட்டது.

அறிவியல் கூறுவது வேறு. 2015 இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இது: நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் நோக்கினால், இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு உயர்கிறது. தாயையும் சேயையும் பிணைப்பதில் பங்குகொள்ளும் சுரப்பு அது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இதைக் காணவில்லை.

ஆக, இப்பிணைப்பு ஒருவழிப் பாதையன்று. உணர்ச்சி இருபுறமும் எனில் கடமையும் இருபுறமன்றோ? அதிலும் நாய்க்கு வாயில்லை, வழக்குரைக்க ஆளில்லை. எனவே நம் பொறுப்பே பெரிது. குட்டியாய் இருக்கையில் கொஞ்சிவிட்டுக் கிழடானதும் தெருவில் விடுகிறவன், தடுப்பூசிக்குக் கணக்குப் பார்க்கிறவன், நாள் முழுதும் சங்கிலியில் பூட்டி வைக்கிறவன் – இவர்களும் “என் நாய் நன்றியுள்ளது” என்று மார்தட்டுகிறார்கள். நன்றி கேட்க இவர்களுக்கு என்ன தகுதி?

2015 மார்ச்சில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மற்றொரு சிலை திறக்கப்பட்டது. அதில் ஹாச்சிக்கோ காத்திருக்கவில்லை. பேராசிரியர்மீது தாவி எழுகிறது. அவரும் அதனை நோக்கிக் குனிந்து தழுவுகிறார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய சிலை அதுதான்! பணிவைப் புகழ்ந்தது போதும். பெற்ற அன்புக்கு ஈடு செய்யக் கற்பிப்போம்!