பலி என்னுஞ் சொல்

சொல் சிறிது; அது சுமக்கும் பொருளோ பெரிது. ஒரு சொல்லின் பொருள் மயங்குமாயின், அதனைப் பற்றி நிற்கும் ஒழுக்கமும் உடன் மயங்கும். ஆதலின், சைவப் பாடசாலைகளிற் சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்கள், தாம் நாடோறும் வழங்குஞ் சொற்கள் மாணாக்கர் செவியில் எப்பொருளாய்ச் சென்று சேர்கின்றன என்று ஆராய்தல் கடனாம். அங்ஙனம் ஆராயத்தக்க சொற்களுள் ஒன்று 'பலி' என்பது. இரண்டே எழுத்தாலாகிய இச்சொல் பல மொழிகளினும் வழங்கி, வழங்குமிடந்தோறும் வெவ்வேறு பொருள் தருதலையும், அவற்றுட் சைவசமயி தனக்கு அறமாகக் கொள்ளற்பாலது யாது என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

களனி கங்கை கடலொடு கலக்கும் இக்கொழும்பு மாநகரில் இச்சொல்லின் வேறுபாடுகளைத் தேடித் திரிய வேண்டுவதில்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தினுட் புகுவார் கொடித்தம்பத்தின் அருகே பலிபீடத்தைக் காண்பர். ஆகமவழி நிகழும் ஆலயங்களிற் பரிவார தேவதைகளுக்கும் திக்குப்பாலகர்க்கும் இடப்படுவது அன்னபலி, அஃதாவது சோறு. அவ்வாலயத்துக்கு அணித்தாகக் கொட்டாஞ்சேனையிலுள்ள புனித லூசியா பேராலயத்திற் கத்தோலிக்கர் தம் வழிபாட்டைத் திருப்பலி என்பர். முற்காலத்தே அதனைப் பூசை என்றே அவர்கள் பெரிதும் வழங்கினர். சிங்கள மக்களோ, கிரகதோஷம் நீங்கும்பொருட்டுக் களிமண்ணாற் கிரகதேவதைகளின் வடிவஞ் சமைத்து, வர்ணந் தீட்டி, இரவு முழுதும் நிகழ்த்துஞ் சாந்தியைப் பலி என்பர். இவையனைத்தையும் விடுத்துப் பத்திரிகையை விரித்தாலோ, 'விபத்தில் மூவர் பலி' என்னுந் தலைப்பு எதிர்ப்படும். சோறு, வழிபாடு, மண்ணுருவம், சாவு என நான்கு பொருளும் ஒரே நகரில் ஒரே சொல்லால் உணர்த்தப்படுகின்றன.

இனி இதன் பழைய வழக்கை நோக்குவாம். வடமொழியிலே பலி என்பது அரசனுக்குக் குடிகள் செலுத்தும் இறையையும், தெய்வங்களுக்கும் பூதங்களுக்கும் இடும் உணவையும் குறிக்கும். அசோக மன்னன் தன் ஆட்சியின் 20-ஆம் ஆண்டிற் புத்தர் பிறந்த உலும்பினிக்குச் சென்று, அவ்வூரைப் பலியினின்று நீக்கினான் என்று ஆங்குள்ள தூணின் எழுத்துக் கூறும். அரசன் நீக்கியது வரியேயன்றி ஆட்டுக்கொலை யன்று. பாளி நூல்கள், இல்லறத்தான் தன் பொருளால் உறவினர், விருந்தினர், இறந்த முன்னோர், அரசர், தேவர் ஆகிய ஐவர்க்குஞ் செய்யும் பலி ஐந்தெனக் கூறும். திருவள்ளுவனார் இல்வாழ்வானுக்கு வகுத்த கடன்களுள் நான்கு இவற்றோடு ஒத்திருத்தல் அறிந்து மகிழற்பாலது. காக்கைக்கு வடமொழியில் 'பலிபுக்' என்றொரு பெயருண்டு. பலியை உண்பது என்பது அதன் பொருள். மலையாளத்தார் ஆடி அமாவாசையில் முன்னோர்க்குப் பிண்டமிடுதலைப் பலி என்றும், அதனை உண்ணுங் காக்கையைப் பலிக்காக்கை என்றும் இன்றுஞ் சொல்வர். கடல் கடந்து சயாம் தேசத்துக்குச் சென்ற இச்சொல், ஆங்குப் 'பிலீ' என மருவி, படைத்தலையும், பிறர்பொருட்டுத் தன்னுயிரை ஈதலையும் உணர்த்தும்.

தமிழிலோ இதற்கு இன்னும் இனியதொரு பொருளுண்டு, அது பிச்சை. சிவபெருமான் கபாலமேந்தி மனைதோறும் பலிக்கு உழல்வதாகத் தேவாரத் திருப்பதிகங்கள் பலவிடத்தும் பேசும். ஆண்டுப் பலி என்பது இல்லாள் கையிலிருந்து ஏற்போன் கலத்தில் வீழுஞ் சோறே. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. திருமுருகாற்றுப்படையில் ஆட்டுக்கிடாயின் குருதி விரவிய வெள்ளரிசியும் பலியாகச் சொல்லப்படுகின்றது. ஆகவே குருதிப்பலி பிறநாட்டார் கொணர்ந்ததென்றும், முன்னோர் அறியாததென்றும் கூறுதல் பொருந்தாது.

மிஷன் பாடசாலைகளிற் படித்த எம்போல்வார் இச்சொல்லை மற்றொரு வழியானும் அறிவேம். எபிரேய மொழியிலே 'ஸெபஹ்' என்பது கொல்லுதலென்னும் பகுதியிற் பிறந்த சொல். அப்பகுதியினின்று வந்த 'மிஸ்பேயஹ்' கொல்லுமிடத்தைக் குறிக்கும். தமிழ் விவிலியத்தில் முன்னது பலி எனவும், பின்னது பலிபீடம் எனவும் வழங்கும். எனவே அந்நூலை முதலிற் படித்த பிள்ளை, நம் ஆலயத்துப் பலிபீடத்தைக் கண்டு, 'இங்கே எதனை வெட்டினார்கள்?' என்று வினவுதல் இயல்பு. ஆயினும் அம்மரபின்மேற் குறைகூறி யமைதல் நீதியன்று. கர்த்தர் விரும்புவது பலியன்று, இரக்கமே என உரைத்த தீர்க்கதரிசியும் ஆங்கு உளர். கிறிஸ்தவரும் இன்று பீடத்தில் வைப்பது அப்பமும் முந்திரிகை இரசமுமே. இஸ்லாமியர் வழங்குங் 'குர்பான்' என்னுஞ் சொல் நெருங்குதல் என்னும் பகுதியது. இறைவனைச் சேர்வது இறைச்சியும் இரத்தமும் அல்ல, பயபக்தியே என அவர் வேதமுங் கூறும்.

இவ்வாறு பொருள் பலவாயின், நாம் கொள்ளத்தக்கது எது? பழையது எதுவோ அதுவே கொள்ளத்தக்கது எனிற் பொருந்தாது. பழமை ஒன்றே ஒரு செயலை அறமாக்க மாட்டாது. சொல்லின் பிறப்பு வழக்கை உணர்த்துமேயன்றி நீதியை உணர்த்தாது. ஆதலின் இவ்வேறுபாடுகளுக்குள்ளே ஊடுருவி நிற்பது யாது எனக் காண்டல் வேண்டும். உழவன் தன் விளைவினின்று இறை கொடுத்தான். இல்லாள் தன் சோற்றினின்று பிச்சை இட்டாள். மகன் தந்தைக்குப் பிண்டம் வைத்தான். சயாம் தேசத்து வீரன் தன்னுயிரை ஈந்தான். இவற்றிலெல்லாம் கொடுப்பவன் தன்னதைக் கொடுக்கின்றான், இழப்பவனும் அவனே. ஆட்டின் கழுத்தை வெட்டுமிடத்தோ, இழப்பது ஆடு. பயனை வேண்டுவோன் மனிதன். கொடுப்பவன் ஒருவன், இழப்பது மற்றொன்று என்றால், அதனைக் கொடை என்பது எங்ஙனம்?

'ஆட்டை விலைகொடுத்து வாங்கினேன். ஆதலின் அஃது என்னுடையதே' எனின், விலை உடலைப் பற்றியதேயன்றி உயிரைப் பற்றியதன்று. ஆடும் ஓர் ஆன்மா; நம்மைப்போல அநாதியான பசு. அதற்குத் தநு கரண புவன போகங்களை அளித்தவன் பதி. அவன் ஓருயிருக்கு அளித்த உடலைப் பறித்து அவனுக்கே படைத்தல், ஒருவன் வீட்டில் எடுத்த பொருளை அவனுக்கே வரிசையாக வைத்தலை ஒக்கும். 'கண்ணப்பர் ஊன் படைத்திலரோ?' எனின், அவர் தாம் சுவைத்து இனிதெனக் கண்ட தம் உணவைப் படைத்தார். இறுதியில் இடந்தப்பியது தம் கண்ணையே. அவரைப் பின்பற்ற விழைவோர் அம்முடிவிலிருந்து தொடங்குவாராக.

'கடையிலே இறைச்சி வாங்கி உண்பவன் கோயிற் கொலையைக் கண்டித்தல் என்ன நீதி?' என்பார்க்கு விடைகூறுதல் எளிதன்று. அவ்வினா முற்றும் நேரியது. புலால் மறுத்தவனே அதனைக் கண்டிக்கத் தக்கான். விவிலிய மொழிபெயர்ப்பிலே பேர்சிவல் பாதிரியாருக்கு உதவிய ஆறுமுகநாவலர், கிராமக் கோயில்களில் நிகழும் உயிர்ப்பலியையுந் தயங்காது கண்டித்தார். சொல்லோடு ஒழுக்கமும் ஒத்திருந்தமையின் அவர் சொல் நிலைத்தது. சட்டம் மாத்திரம் இதனைச் செய்யவல்லதன்று. தமிழ்நாட்டில் 1950-இல் உயிர்ப்பலியைத் தடுக்குஞ் சட்டம் பிறந்தது. 2003-இல் அதனைக் கண்டிப்பாய் நடத்த முற்பட்டனர். 2004-இல் அதுவே நீக்கப்பட்டது. இலங்கை அமைச்சரவையும் இத்தகைய சட்டமொன்றுக்கு 2018-இல் இணங்கிற்று. சட்டம் கையைத் தடுக்கும். கருத்தைத் திருத்துதல் ஆசிரியர் கடமை. பூசணிக்காயினுட் குங்குமமிட்டு வெட்டுமிடத்துக் குருதி போயிற்று, நிறம் போகவில்லை. அந்நிறம் கருத்திலே நிற்பதாகும்.

ஆயின், நோயுற்ற பிள்ளைக்காகச் சேவல் நேர்ந்த ஏழைத்தாயை வகுப்பறையில் இகழ்தல் கூடாது. அவள் மகன் அவ்வகுப்பில் இருத்தல் கூடும். அவள் அன்பு மெய்யானது. கொடுக்கும் பொருளே மாறல் வேண்டும். பலிபீடப் பாடம் வருமிடத்து இதனை விளக்குக. அதன்முன் வீழ்ந்து வணங்குவோன் தன் ஆணவத்தையும், காமக் குரோதங்களையும் ஆங்கே பலியிடுகின்றான் என்பது நம் பெரியோர் கண்ட பொருள். உடலும் உலகும் இறைவன் தந்தவை. ஆணவமலமோ அவன் தந்ததன்று. செம்பிற் களிம்புபோல அநாதியே நம்மொடு நிற்பது. ஆகவே உயிர் 'என்னது' என்று கொடுக்கத்தக்கது அஃதொன்றே. எல்லாம் உடைய பெருமான் கபாலமேந்தி நம் வாயிலில் வந்து ஏற்கும் பலியும் அதுவே.

இதனை மாணாக்கர் உள்ளத்தில் நாட்டுவதோடு, விபத்திலே இறந்தோரைப் பலியாயினர் என எழுதும் வழக்கையும் அவர்தம் கட்டுரைகளில் திருத்துக. அவரை யாரும் யாருக்கும் படைத்திலர். கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்குத் தெய்வத்தின் சொல்லைச் சூட்டுதல் முறையன்று. இறந்தனர் என்பதே அமையும்.