தொட்டிலை அனுப்புகிறவர் யார்?

கேரளத்துப் பொன்முடி மலையின் 22 கொண்டையூசி வளைவுகளையும் இறங்கி, கல்லாற்றைக் கடந்து விதுரைக்கு வந்து, அங்கும் அகப்படாதவற்றுக்காக நெடுமங்காட்டுக்கோ திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கோ போய்த்தான், தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்த் தாய் தன் சிசுவுக்கு வேண்டியவற்றை வாங்கியாக வேண்டும். அவளுடைய பாட்டி திருநெல்வேலிச் சீமையை விட்டுக் கொழுந்து பறிக்க வந்த காலத்தில், சக்கரம் என்ற தனி நாணயம் வழங்கிய திருவிதாங்கூர், மெய்யாகவே அந்நிய ராஜ்யம். இன்று அப்படிச் சொல்லத் தகாது. ஆயினும் பிள்ளைக்குத் தேய்க்க எண்ணெய் என்றதும் கடைக்காரர் உருக்கு வெளிச்செண்ணெய் என்னும் தேங்காயெண்ணெயை எடுத்து வைக்க, விளக்கெண்ணெய் கேட்க வந்தவள் சற்றுத் தயங்கி நிற்கிறாளே, அந்தத் தயக்கத்தில் பரதேச வாசத்தின் முழுத் துயரமும் இருக்கிறது.

தாய்வீட்டில் நிகழும் தலைப்பிரசவத்தில் பெரும்பாலானவை விலைக்கு வருவதில்லை. பாட்டனாரின் நைந்து மிருதுவான வேட்டி முதல் துணியாகும். பரணிலிருந்து பாலாடை இறங்கும். தாய்மாமன் காப்பும் கொலுசும் கொண்டுவருவான். பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கலாகாது என்ற வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் அருளப்படாத ஒன்றை 'என்னுடையது' என்று சொல்லக் கூசும் பக்தியே அதன் உள்ளே இருக்கிறது. மமதையே பந்தம் என்று வேதாந்தம் போதிப்பதை, வேதாந்தம் படியாத நம் பாட்டிமார் ஒரு துணிவிஷயத்தில் அனுஷ்டித்தார்கள்.

அப்படியானால், உறவு சூழ இல்லாத ஊரில், தன் கூலிக்காசைத் தானே எண்ணிக் கொடுத்து ஒவ்வொன்றையும் வாங்க நேரும் தாய்க்கு, அந்த மமதை வலுத்துவிடாதா?

இக்கேள்விக்குப் பெரியாழ்வாரின் தாலாட்டில் விடை இருப்பதாக நான் கருதுகிறேன். வடமதுரையில் பிறந்த கண்ணன் என்னும் பிள்ளை ஆயர்பாடியில், வேறொருத்தியின் கைகளில் வளர்கிறது. அந்தப் பிள்ளைக்கு வந்து சேரும் பொருள்களையோ ஆழ்வார் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். பொற்றொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். கிண்கிணி இந்திரனிடமிருந்து வருகிறது. ஐம்படையைக் குபேரன் ஏந்தி நிற்கிறான். மேனியில் பூசும் வாசனைப் பொடியும் மஞ்சளும் கண்ணுக்கு மையும் துர்க்கை கொண்டுவருகிறாள். மஞ்சளும் மையும்! சாலைக் கடைத்தெருவில் பொட்டலமாகக் கட்டித் தரப்படும் அதே மஞ்சளும் மையுந்தான். அங்கே யசோதை எதையும் வாங்கவில்லை; யாவும் அனுப்பப்படுகின்றன. இதிலிருந்து நான் கொள்ளும் பொருள் இதுவே: காசு கொடுத்துப் பொட்டலத்தைப் பெறும் கையும் வேறொருவர் அனுப்பியதைக் கொண்டுசேர்க்கும் கையேயாகும், அவ்வாறு எண்ணி வாங்குகிறவளுக்கு அது வியாபாரமாகாது, கைங்கரியமாகும்.

வறுமைக்குச் சொல்லும் வெறும் ஆறுதலாக இது போய்விடாதா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். கூலி நிலுவையில் நிற்கும் வீட்டில் போய், தெய்வம் அனுப்பும் என்று சொல்லிவிட்டு வருவது பாவம். தெய்வம் அனுப்புவது மனிதர் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்; வழியில் தடுத்து வைக்கிறவர்களும் மனிதர்களே. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் அமைய வேண்டுமென்று விதித்ததே, அதையும் ஆழ்வாரின் வரிசையில் ஒரு காணிக்கையாகச் சேர்க்க நான் தயங்கமாட்டேன். லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை வளர்ந்ததும் அதன் பாலாடையும் தூளிச் சேலையும் அடுத்த வீட்டுக்குப் போவதும் அதே வரிசையைச் சேர்ந்ததுதான்.

டொரொண்டோவில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் தமிழ்ப்பெண்ணுக்கு வேறொரு சங்கடம். சிசுவைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோகவும் தனி இருக்கை வேண்டுமென்பது அங்குள்ள சட்டம். பிறந்தபின் வாங்கலாம் என்று காத்திருக்க இயலாது. அவள் தாராளமாக முன்னரே வாங்கலாம். ஊரிலுள்ள தாயார் அதைக் கேட்டு மனம் கலங்கினால், இன்னும் வராத விருந்தினருக்காகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அது என்று அந்தப் பெண் அவருக்கு எடுத்துச் சொல்லட்டும்.