கோலா கங்சாரைத் தேடும்போது

'கோலா கங்சார்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து: கோ, லா, க, ங், சா, ர். கணினிக்கோ, இடைவெளியை விட்டுவிட்டால், பதினொன்று. க தனி, ஓகாரக் குறி தனி, புள்ளி தனி. போதாததற்கு, அந்தக் 'கோ'வையே இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒரே ஓகாரக் குறி. அல்லது க-வோடு ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடு தெரியாது. எழுத்தெண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு வேறு ஊர்கள்.

1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட மலேசிய ஊர் இது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள் ஒன்றுகூடுகிறார்கள், 1,000 பெயர் கொண்ட பட்டியல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்பவர் பெயரைச் சொன்னதும் தேடித் தர வேண்டும்.

வழிமுறை அகராதி புரட்டுவது போலத்தான். நடுவில் திற, தேடும் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா என்று பார், வேண்டாத பாதியைத் தள்ளு. ஆயிரம் பெயரானாலும் பத்து ஒப்பீட்டுக்குள் முடிந்துவிடும். ஒரே நிபந்தனை: எந்த வரிசையில் அடுக்கினோமோ அதே வரிசையில்தான் தேடவும் வேண்டும்.

எது வரிசை? நம் அகரவரிசையில் ன கடைசி எழுத்து; ஆகவே மலர்விழிக்குப் பிறகுதான் மனோகரன். யூனிகோடு எண்களிலோ ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியதால் வந்த அமைப்பு அது. அதன்படி மனோகரன் முந்திக்கொள்வார். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், அகிலாவுக்கு முன் வரவேண்டிய அக்கம்மா பின்னுக்குப் போய்விடுவார். யூனிகோடைக் குறை சொல்வதற்கில்லை; எழுத்தெண் ஓர் அடையாளம், வரிசை எண் அன்று.

எண்படி அடுக்கிய பட்டியலில் அகரவரிசைப்படி தேடினால், நிரல் தவறான பாதியைத் தள்ளிவிட்டு 'இல்லை' என்று சொல்லக்கூடும். நடுவில் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. எனக்கு அஞ்சத்தக்கது இந்த வகைப் பிழைதான். வந்தவர் தம் குடும்பத்தை மறந்துவிட்டார்கள் என்றே நம்பித் திரும்புவார்.

சரியாக ஒப்பிட, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து அகரவரிசை எண் தர வேண்டும். இதை ஒப்பிடும்போதெல்லாம் செய்தால் வீண்வேலை: 1,000 பெயரை அடுக்க ஏறத்தாழ 10,000 ஒப்பீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர், ஆக 20,000 முறை பிரிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே ஒருமுறை பிரித்து, அந்த எண்கோவையைப் பெயருக்குப் பக்கத்தில் திறவுகோலாக வைத்துவிட்டால் 1,000 முறை போதும். அடுக்குவதும் தேடுவதும் அதே திறவுகோலைக் கொண்டு நடப்பதால், வரிசை மாறிப்போகும் ஆபத்தும் அத்தோடு தீர்கிறது.

பிரிப்பதற்கு முன் இயல்பாக்கம் செய்தால், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டு 'கோ'வும் ஒன்றாகிவிடும். ஸ்ரீதேவிக்கு அது உதவாது. ஸ்ரீ-யை ஸ-வில் தொடங்கியும் சேமிக்கலாம், பலர் அறியாத ஶ-வில் தொடங்கியும் சேமிக்கலாம். யூனிகோடின் இயல்பாக்க விதிகள் இவ்விரண்டையும் இணைப்பதில்லை. அந்த விதியை நாமே சேர்க்க வேண்டும். பிறகு ஆயிரம் பெயரையும் வேறொருவர் தம் கைப்பேசியில் புதிதாகத் தட்டச்சிட்டுத் தேட, ஆயிரமும் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.